வீடு கட்டும் பணியில் பல குழுக்களை ஒருங்கிணைத்தல்: முழுமையான வழிகாட்டி

பொருளை உரிமையாளர் வாங்கிக் கொடுக்க, கொத்து, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்), கம்பி, மின்சாரம், பிளம்பிங், தச்சு, டைல்ஸ், பெயின்ட் என ஒவ்வொரு வேலையும் தனித்தனி லேபர் கான்ட்ராக்டில் நடக்கும் தனி வீடுகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. முதன்முறையாகத் தளத்தை மேற்பார்க்கும் இளம் பொறியாளர்களுக்கும், தாமே நின்று வீடு கட்டும் உரிமையாளர்களுக்கும் இது பயன்படும்.

புதியவர்கள் கொத்தனார் வேலை நேர்த்தியாக இருக்கிறதா, எலெக்ட்ரீஷியன் நல்ல பைப் போடுகிறாரா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பார்கள். பழுதுகளோ பெரும்பாலும் ஒருவர் வேலை முடிந்து அதன் மேல் அடுத்தவர் வேலை ஏறும் இடத்தில்தான் நேர்கின்றன. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது, குழாயைப் பூச்சு மூடுகிறது, பூச்சை டைல்ஸ் மூடுகிறது. மூடப்படுவதற்கு முன் யார் பார்க்க வேண்டும், யார் சரி என்று சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தால் தளத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி குறைந்துவிடும்.

தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கட்டட வரைபடம், கட்டமைப்பு வரைபடம், மின் வரைபடம், பிளம்பிங் வரைபடம் ஆகிய நான்கும் அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தேதியும் திருத்த எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் இருக்கும் வரைபடத்தைக் கம்பி கட்டுபவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வேலை செய்யமாட்டார்; நினைவில் இருப்பதை வைத்துக் கட்டிவிடுவார்.

கதவு, ஜன்னல் அளவுப் பட்டியலும் தரை டைல்ஸின் தடிமனும் அடுத்தவை. கழிப்பறைச் சாதனங்களை மாடல் அளவில் இப்போதே முடிவு செய்வது, பலர் அவசரமில்லை என்று தள்ளிப்போடும் வேலை. குளோசெட்டின் கழிவு வாய் தரைக்குள் இறங்கும் எஸ்-டிராப்பா, சுவரை நோக்கிச் செல்லும் பி-டிராப்பா என்பது தெரியாமல் பிளம்பர் குழாயின் இடத்தைக் குறிக்க முடியாது. அவர் குறிக்காமல் தளத்தில் கான்கிரீட் போடவும் கூடாது.

கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பும் குழாய்), சிவப்புப் பெயின்ட் ஆகியவையும் வாங்கி வைக்கப்பட வேண்டும்.

1. இறுதிச் சொல் யாருடையது என்பதைத் தீர்மானித்தல்

தளத்தில் மாற்றம் சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அவர் உரிமையாளராக இருக்கலாம், பொறியாளராக இருக்கலாம். இருவராக மட்டும் இருக்கக் கூடாது. காலையில் வரும் உரிமையாளர் சமையலறை மேடையை வடக்கே தள்ளச் சொல்வதும், மாலையில் வரும் மாமனார் வாஸ்துப்படி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வதும் நடக்காத வீடு அரிது. மேஸ்திரி இருவரிடமும் தலையாட்டுவார். பிளம்பருக்கு இரண்டுமே தெரிந்திருக்காது.

யார் எதைச் சொன்னாலும் "இன்னாரிடம் சொல்லுங்கள், அவர் நோட்டில் எழுதிய பிறகு செய்கிறேன்" என்று பதில் சொல்லும்படி எல்லா மேஸ்திரிகளிடமும் முதல் நாளே கூறிவிட வேண்டும்.

2. யாருக்கும் சொந்தமில்லாத வேலைகளைப் பட்டியலிடுதல்

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அந்தந்தக் குழுவின் முக்கிய வேலை எழுதப்பட்டிருக்கும். இரண்டு குழுக்களுக்கு இடையே விழும் சிறு வேலைகள் எதிலும் இருக்காது. அவற்றைத் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரைப் போட வேண்டும். தவறாமல் சேர்க்க வேண்டியவை இவை:

- மின் பைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சுவரில் வெட்டிய காடியைக் கலவை போட்டு அடைப்பது.
- தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்திலும் அகலமான காடிகளின் மேலும் கோழிவலை அடிப்பது.
- கியூரிங்குக்கு, அதாவது சிமென்ட் வேலை காயாமல் இறுகுவதற்கு, தண்ணீர் ஊற்றுவது, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களிலும்.
- ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாயைச் சுவருக்குள் பதிப்பது.
- சாரம் கட்டுவது, அதை எல்லாக் குழுக்களும் பயன்படுத்தி முடிக்கும் வரை பிரிக்காமல் வைத்திருப்பது.
- வெட்டிய கழிவையும் உடைந்த செங்கல்லையும் மாலையில் அகற்றுவது.

ஏசி குழாயை எலெக்ட்ரீஷியன் பிளம்பருடைய வேலை என்பார். பிளம்பர் ஏசி மாட்ட வருபவருடைய வேலை என்பார். ஏசி மாட்டுபவர் வரும்போது பெயின்டும் முடிந்திருக்கும். இந்தப் பட்டியல் ஒரு பக்கம்தான் வரும். கூலி பேசும்போதே இதையும் பேசி முடிக்க வேண்டும், ஏனெனில் வேலை பாதியில் இருக்கும்போது கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி சொல்வார்கள், அது நியாயமும்கூட.

3. கூலித் தவணையை அடுத்த குழுவின் ஒப்புதலோடு இணைத்தல்

வழக்கமாகத் தவணைகள் பேஸ்மென்ட் (தரைக்கு அடியிலான மேடை), லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்), ரூஃப், பூச்சு என்று கட்டடத்தின் உயரத்தை வைத்துப் பிரிக்கப்படும். இது கொத்து வேலைக்குப் பொருந்தும், மற்றவற்றுக்குப் போதாது. சுவருக்குள் பைப் பதித்ததற்கான தவணையின் ஒரு பகுதியை, பூசப்போகும் கொத்தனார் மேஸ்திரி சுவரைப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகு கொடுப்பதாக எலெக்ட்ரீஷியனிடம் பேசிக்கொள்ள வேண்டும். அதேபோல, குளியலறைப் பூச்சுக்கான தவணையில் ஒரு பகுதியை டைல்ஸ் ஒட்டுபவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

முதலில் எல்லோரும் இதை எதிர்ப்பார்கள். "அவர் வேண்டுமென்றே குறை சொன்னால் என்ன செய்வது" என்ற கேள்வி வரும். குறை நியாயமானதா என்பதை முதல் படியில் குறிப்பிட்ட நபர் அன்றைக்கே பார்த்து முடிவு சொல்வார் என்ற உறுதியைக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்கள். அந்த உறுதியைக் காப்பாற்ற முடியாதவர் இந்த முறையைத் தொடங்கவே கூடாது. பணம் நின்று பார்வையிடவும் ஆள் வராவிட்டால் குழு வேறு தளத்துக்குப் போய்விடும்.

4. அஸ்திவாரத்துக்கு முன் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தல்

எலெக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் தங்கள் வேலை ரூஃப் மட்டத்தில்தான் தொடங்குகிறது என்ற எண்ணம் உண்டு. ஆகவே அஸ்திவாரத்துக்கு முன் கூட்டம் என்றால் வரத் தயங்குவார்கள். அவர்கள் வந்தே ஆக வேண்டியதற்குக் காரணம் கழிவுக் குழாயின் சாய்வு.

கழிவுக் குழாய்க்கு ஏறத்தாழ 60 அடிக்கு ஓரடி இறக்கம் தேவை. பின்புறக் குளியலறையிலிருந்து தெருவில் உள்ள பாதாளச் சாக்கடை இணைப்பு வரை குழாய் ஓட வேண்டுமானால், அந்த இறக்கத்தைக் கணக்கிட்ட பிறகே பேஸ்மென்ட் உயரத்தை முடிவு செய்ய முடியும். பேஸ்மென்ட் மட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்திரமான பிளின்த் பீமைக் குழாய் கடக்கும் இடங்களும் அப்போதே தெரிந்துவிடும். பொறியாளர் அந்த இடங்களை ஏற்றுக்கொண்டால் கான்கிரீட்டுக்கு முன் அங்கே பெரிய பைப் துண்டு ஒன்றை வைத்துவிடலாம். இந்தப் பேச்சு நடக்காத வீடுகளில் பிறகு பீமை உளியால் உடைப்பார்கள். கம்பி குறுக்கே வந்தால் அதையும் அறுப்பார்கள்.

கூட்டத்தில் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு அறையாக, "இந்த அறையில் உங்கள் வேலை என்ன, அதற்கு முன் யார் என்ன முடித்திருக்க வேண்டும்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். பொறியாளர் விளக்கிக்கொண்டே போனால் எல்லோரும் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களே வாயால் சொன்னால்தான், கதவு திறக்கும் பக்கத்திலேயே சுவிட்ச் பெட்டி வருவது போன்ற முரண்கள் வெளிப்படும்.

தொழிலாளர்களில் வட மாநிலத்தவர் இருந்தால், அவர்களுடைய குழுத் தலைவரும் உட்கார வேண்டும். மேஸ்திரி வழியாக மட்டுமே தகவல் போனால், அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

5. நாட்காட்டியைப் பின்னிருந்து எழுதுதல்

இன்று தொடங்கினால் எப்போது முடியும் என்று கணக்கிடாமல், ரூஃப் கான்கிரீட், பூச்சு, குடிபுகுதல் ஆகிய மூன்று தேதிகளை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். அப்போதுதான் நாள்பட முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டியவை கண்ணில் படும். தலைவாசல் நிலை வைப்பதற்கு நல்ல நாள் குறித்துவிட்டு, மரம் வாங்கவே இல்லை என்பதை அதற்கு முந்தைய வாரம் உணர்வது சாதாரணமாக நடக்கும் தவறு.

ஆடியிலும் மார்கழியிலும் நல்ல காரியங்களைத் தவிர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ளூர்க் குழுக்கள் இருக்கமாட்டார்கள்; ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வட மாநிலக் குழுக்களில் பலர் ஊருக்குப் போவார்கள். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் நாட்களே உண்மையான நாட்கள்.

6. எல்லோருக்கும் பொதுவான மட்டக்குறி

பேஸ்மென்ட் முடிந்து தூண்கள் எழும்பியதும், டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு தூணிலும் சிவப்புக் கோடு போட வேண்டும். டைல்ஸ் இன்னும் வரவில்லை என்பதால்தான் அதன் தடிமனும் அடியில் வரும் கலவையின் தடிமனும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றோம். நிலை வைக்கும் ஆசாரி, சுவிட்ச் பெட்டி பதிக்கும் எலெக்ட்ரீஷியன், குழாய் வாய் வைக்கும் பிளம்பர், டைல்ஸ் ஒட்டுபவர் ஆகிய நால்வரும் இந்தக் கோட்டிலிருந்து மட்டுமே அளக்க வேண்டும்.

இது இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அன்றைக்குக் காலடியில் இருக்கும் தரையிலிருந்து அளப்பார்கள். பிறகு தரை இரண்டு அங்குலம் உயர்ந்ததும் கதவின் அடியை இழைப்பதும், ஒரே சுவரில் சுவிட்ச் பெட்டிகள் ஏறி இறங்கி நிற்பதும் நேரும். பூச்சு கோட்டை மூடிவிடும் என்பதால், பூசிய மறுநாளே குறியைப் புதிய சுவருக்கு மாற்ற வேண்டும்.

7. ரூஃப் கான்கிரீட்: ஐந்து குழுக்கள் ஒரே மேடையில்

ஒருங்கிணைப்பு தவறினால் திருத்தவே முடியாத இடம் இது. ஆகவே இங்கே அதிக நேரம் செலவிடுவதில் தவறில்லை. வரிசை பின்வருமாறு அமைய வேண்டும்.

முதலில் சென்ட்ரிங்காரர் முட்டுகளையும் ஷீட்டுகளையும் முடித்து, மட்டம் பார்த்துக் கொடுக்கிறார். அடுத்து பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் ஏறி, கழிவுக் குழாய் இறங்கும் இடங்களையும் ஃபேன் பெட்டிகளின் இடங்களையும் ஷீட்டின் மேலேயே பெயின்டால் குறிக்கிறார்கள். அதன் பிறகே கம்பி விரிப்பது தொடங்க வேண்டும், ஏனெனில் குறி இருந்தால் கம்பி கட்டுபவர் அந்த இடத்தில் சற்று விலக்கிக் கட்டுவார். இல்லாவிட்டால் கட்டிய கம்பியைப் பின்னால் வருபவர் கட்டிங் மெஷினால் அறுப்பார்.

அடிக்கம்பிகள் கட்டி, 20 மி.மீ. கவர் பிளாக்குகள் (கம்பியை ஷீட்டிலிருந்து உயர்த்தி வைக்கும் சிறு கட்டைகள்) வைத்ததும் கம்பி வேலை சற்று நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் எலெக்ட்ரீஷியன் அடிக்கம்பிக்கு மேலாகப் பைப் ஓட்டி, பெட்டிகளைக் கம்பியோடு கட்டி, கலவை நுழையாதபடி அடைக்கிறார். மேல்கம்பிகள் அதன் பிறகு வருகின்றன. இந்த நிறுத்தத்தைக் கம்பி கட்டுபவரிடம் முன்பே சொல்லவில்லை என்றால், அவர் ஒரே மூச்சில் மேல்கம்பி வரை முடித்துவிடுவார். எலெக்ட்ரீஷியன் பின்னால் வந்து இடுக்குகளில் பைப்பை நுழைக்க, கட்டுகள் அவிழும்.

பொறியாளரின் பரிசோதனை கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் மாலைக்குள் முடிந்திருக்க வேண்டும். அன்று காலையில் பார்க்கலாம் என்று விட்டால், மிக்சர் மிஷினும் ஆட்களும் வந்து நிற்கும்போது எந்தக் குறையையும் திருத்த யாருக்கும் மனம் வராது. நோட்டில் சென்ட்ரிங், கம்பி, மின்சாரம், பிளம்பிங் ஆகிய நால்வரும் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) என்றால் இது இன்னும் கண்டிப்பானது: லாரியில் கலவை ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. தளத்தில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தால் லாரி காத்திருக்கும், சிமென்ட் காத்திருக்காது.

கான்கிரீட் போடும் நாளில் கம்பி கட்டுபவரும் எலெக்ட்ரீஷியனும் தலா ஒருவரையாவது மேலே நிறுத்த வேண்டும். தங்கள் வேலை முடிந்துவிட்டது என்று இருவருமே வராமல் இருப்பதுதான் வழக்கம். அவர்கள் ஏன் தேவை என்பது பால்கனியிலும் சன்ஷேடிலும் தெரியும். சுவரை விட்டு வெளியே நீளும் இப்பகுதிகளில் பாரம் தாங்கும் முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்கிறது. கலவைச் சட்டியோடு நடப்பவர்கள் அதை மிதித்து மிதித்து அடியில் இறக்கிவிட்டால், மேலே இருந்து பார்க்கும்போது கான்கிரீட் அழகாகத்தான் இருக்கும். முட்டு பிரித்த பிறகு சுவரோரத்தில் விரிசல் விடும், சில வேளை பால்கனியே சரியும். அதனால் நடப்பதற்குப் பலகை போடுவதும், அமுங்கிய கம்பியைக் கொக்கியால் தூக்கி, மேல்கம்பியைத் தாங்க வளைத்து வைத்த சேர் கம்பியின் மேல் மீண்டும் நிறுத்துவதும் அன்றைக்கு ஒருவருடைய முழுநேர வேலையாக இருக்க வேண்டும்.

8. கியூரிங்கும் முட்டு பிரித்தலும்

கான்கிரீட் போட்ட மறுநாள் தளம் யாருடையதும் இல்லை என்பது போல் ஆகிவிடும். கொத்தனார் குழு ஓய்வெடுக்கும். உரிமையாளர் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், பி.பி.சி.க்கு 14 நாட்கள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் அது பரிந்துரைக்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குபவர் யார் என்பது இரண்டாம் படியின் பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும்.

முட்டு விஷயத்தில் சென்ட்ரிங்காரரின் அவசரத்தையும் புரிந்துகொள்ள வேண்டும்: அவருடைய ஷீட்டுகள் இங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த தளத்தின் கூலி தள்ளிப்போகிறது. அதே விதி, சாதாரண சிமென்ட்டுக்கு, தாங்கும் இடைவெளி (ஸ்பான்) 4.5 மீட்டர் வரையிலான கான்கிரீட் தளத்தின் முட்டுகளை 7 நாட்களும், அதற்கு மேற்பட்டதை 14 நாட்களும், 6 மீட்டர் வரையிலான பீமின் முட்டுகளை 14 நாட்களும் விடச் சொல்கிறது. பி.பி.சி.யில் இறுகுதல் மெதுவாக நடப்பதால் பொறியாளர் கூடுதல் நாட்கள் சொல்வார். அந்த எண்ணிக்கையை வாடகை பேசும்போதே எழுதிவிட்டால், பத்தாம் நாள் அவர் வந்து நிற்கும்போது தகராறு எழாது.

9. சுவர் வெட்டு, பூச்சு, குளியலறை

செங்கல் சுவர் கட்டி முடித்ததும் எலெக்ட்ரீஷியன் ஒரே நாளில் எல்லாச் சுவரையும் வெட்டிவிட விரும்புவார். கலவை இறுகச் சில நாட்கள் விட்டு, வெட்ட வேண்டிய கோடுகளைச் சாக்பீஸால் போட்டு, கொத்தனார் மேஸ்திரியும் பிளம்பரும் பார்த்த பிறகே மெஷினை எடுக்க வேண்டும். செங்கல் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1905, செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழம் போகக் கூடாது என்கிறது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது முக்கால் அங்குலம்தான். ஓர் அங்குலப் பைப்பைக் கிடைமட்டமாக அதில் மறைக்கவே முடியாது. பைப் மேலிருந்து நேராக இறங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம், அதற்கேற்ற பைப் ரூஃபிலேயே போடப்பட்டிருக்க வேண்டும்.

பூச்சுக்கு முன் தண்ணீர்க் குழாய்களை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி, பிளம்பரும் கொத்தனாரும் சேர்ந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். பிளம்பர் மட்டும் பார்த்தால், பிற்பாடு கசிவு வரும்போது "பூசும்போது ஆணி அடித்துவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு முடிவே இருக்காது. பிறகு ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைக் குறுக்கே பிடித்துப் புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும்.

குளியலறையில் வரிசை மாறவே கூடாது: குழாய், சோதனை, பூச்சு, நீர்த்தடுப்புப் பூச்சு, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்த்தளத்தில் ஈரம் பார்ப்பது, அதன் பிறகு டைல்ஸ். டைல்ஸ்காரர் வந்துவிட்டார் என்பதற்காகத் தேக்கிப் பார்ப்பதை விட்டுவிடுவது பரவலான தவறு. அவரை அன்றைக்கு ஹாலுக்கு அனுப்பலாம்.

10. செய்திகளுக்கு வாட்ஸ்அப், முடிவுகளுக்கு நோட்டு

எல்லாக் குழுத் தலைவர்களும் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழு, நாளை யார் வருகிறார், சிமென்ட் எத்தனை மூட்டை இருக்கிறது என்பன போன்ற செய்திகளுக்கு நன்றாக உதவும். முடிவுகளுக்கு அது உதவாது. காலை வணக்கப் படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் நடுவே ஜன்னல் அளவு மாறியது புதைந்துபோகும்.

மாற்றம் ஒவ்வொன்றையும் தேதியோடு நோட்டில் எழுதி, அது தொடும் எல்லாக் குழுக்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஜன்னலை ஓரடி நகர்த்துவது என்றால் கொத்தனார், லின்டல் கம்பி, கிரில், ஏசி பாயின்ட், திரைச்சீலைக் கம்பி எனப் பலரையும் அது தொடும். யாரைத் தொடுகிறது என்று யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே சில மாற்றங்கள் கைவிடப்படும். பழைய வரைபடத் தாள்களைத் தளத்திலிருந்து அகற்றிக் கிழித்துவிட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளை நம்பித்தான் புதிதாக வந்த ஆள் வேலை செய்வார்.

11. கடைசிக் கட்டத்தில் வழி கொடுத்தல்

முடிவு நெருங்கும்போது எல்லோரும் ஒரே அறையில் நிற்பார்கள். யு.பி.வி.சி. ஜன்னலுக்குப் பூச்சு முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்ல வேண்டும். மின்கம்பி இழுத்து முடித்த பிறகு பட்டி, பிரைமர், முதல் கோட் பெயின்ட். அதன் பிறகு சுவிட்சுகள், ஃபேன், ஏசி, திரைச்சீலைக் கம்பி என்று துளையிடும் வேலை அனைத்தும். கடைசிக் கோட் அதற்கும் பின்னால். பெயின்டர் கடைசிக் கோட்டை முன்கூட்டியே அடித்துக் கணக்கை முடிக்கப் பார்ப்பார். அந்தத் தவணையை அறைவாரியாக நிறுத்தி வைத்தால் அவரே எலெக்ட்ரீஷியனை விரட்டி வேலையை முடிக்க வைப்பார்.

சுவர்ப் புகைப்படங்களையும் நோட்டையும் உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது, எந்தச் சுவரில் குழாய் ஓடுகிறது என்பதை அவரோடு நடந்து காட்டிவிட வேண்டும். குடிபுகுந்த முதல் வாரத்தில் கடிகாரம் மாட்டுவதற்கு ஆணி அடிப்பவர் அவராகத்தான் இருப்பார்.